30 மீட்டர் வடிகால் கேமரா: கீழக்கரையில் இறக்கிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகள் நிறைந்த கடற்கரை ஊரில் கட்டட வேலையோ குழாய் வேலையோ பார்க்கிறவர்கள் இந்தக் கேமராவைத் தாராளமாக வாங்கலாம். எனக்கு 40,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. குறைகள் உண்டு. அவற்றில் சில நம் கடற்கரைக்கென்றே வாய்த்தவை. ஆனாலும் மண்ணுக்கு அடியில் ஓடும் வடிகாலுக்குள் ஒரு மனிதரும் இறங்காமல், உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். இங்கே பழைய வீடுகளில் நடுவில் முற்றம் இருக்கும். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, தளத்துக்கு அடியில் கட்டிய வடிகால் வழியாக, அறைகளுக்குக் கீழேயே போய்த் தெருவுக்கு வெளியேறும். அந்த வடிகால் எங்கே திரும்புகிறது, எவ்வளவு ஆழம், எந்தச் சுவருக்கு அடியில் நுழைகிறது என்று இன்று வீட்டில் இருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. கட்டிய கொத்தனாரும் இல்லை, கட்டச் சொன்னவரும் இல்லை. முற்றத்தில் தண்ணீர் தேங்கும்போதுதான் அடியில் அப்படி ஒன்று இருக்கிற நினைவே வரும்.

2024 நவம்பர் 20-இல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று அந்தப் பக்கம் முழுக்க வெள்ளக்காடு. அந்த மழைக்குப் பிறகு மாவட்டத்தின் கரையோரம் முழுக்க எல்லாருக்கும் வடிகால் கவலை வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றே: "தளத்த ஒடச்சுப் பார்த்துரலாமா?" உடைப்பதற்கு முன்னால் பார்க்க ஒரு வழி வேண்டும் என்று தேடியபோதுதான் இதை வாங்கினேன்.

கருவி எப்படி இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இரும்புச் சட்டத்தில் சுற்றிய 30 மீட்டர் கண்ணாடியிழைக் கம்பி, 5 மில்லிமீட்டர் தடிமன். அதன் நுனியில் 23 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தலை. தலையில் லென்ஸ், அதைச் சுற்றி 12 எல்.இ.டி. விளக்குகள். பெட்டிக்குள் 7 அங்குலத் திரை. படம் மெமரி கார்டில் பதிவாகும். எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று திரையின் ஓரத்தில் எண் ஓடும். தலைக்குள் 512 ஹெர்ட்ஸ் சமிக்ஞை அனுப்பும் ஒரு சிறு கருவியும் இருக்கிறது. மேலே நின்று அந்தச் சமிக்ஞையைப் பிடித்தால் தலை எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைப் பிடிக்கும் கருவியைத் தனியாக வாங்க வேண்டும்.

போனில் சொருகிப் பார்க்கும் 1,500 ரூபாய் ஒயர் கேமராவோடு இதை ஒப்பிடாதீர்கள். அது வாஷ்பேசின் குழாய்க்குச் சரி. தள்ளினால் துவண்டுவிடும், மண்ணுக்கு அடியில் பத்தடி கூடப் போகாது.

ஒரு வீட்டு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கருவியின் பலமும் பலவீனமும் அதிலேயே தெரிந்துவிடும். வயதான ராத்தா ஒருவர் இருக்கும் வீடு, மகன் துபாயில். நல்ல மழை பெய்தால் முற்றத்தில் முழங்காலளவு நின்று பின்கட்டு வரை ஏறுகிறது. முன்பு வந்து பார்த்த ஒருவர், முற்றத்திலிருந்து தெரு வரை தளத்தை வெட்டி பி.வி.சி. குழாய் போட்டால்தான் ஆகும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மகனும் போனிலேயே சம்மதித்துவிட்டார். ராத்தாவுக்குத்தான் மனசில்லை. "தம்பி, எங்க உம்மா பொறந்தப்பவே இந்தத் தளம் இருந்துச்சு. எதுக்கு வெட்டுறீங்கன்னு கண்ணால காட்டிட்டு அப்புறம் வெட்டுங்க" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு!

முற்றத்து மூலையில் இருந்த துளைக்கல்லைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே விட்டோம். முதல் இரண்டு மீட்டர் வெறும் கறுப்புச் சேறு, திரையில் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு படம் தெளிந்தது. பவளப்பாறைக் கல்லை அளவாக வெட்டி எழுப்பிய பக்கச் சுவர்கள், மேலே செங்கல் வளைவு, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு பெரும்பாலும் கட்டிய அன்றைக்கு இருந்தது போலவே வழவழவென்று இருந்தது. என்னோடு வந்திருந்த கொத்தனார், அறுபதைத் தாண்டியவர், வேலையை விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். 6-ஆவது மீட்டரில் வடிகால் இடது பக்கம் திரும்புகிறது. அந்த மூலையைக் கூராக விடாமல், தண்ணீர் மோதிச் சுழலாமல் வழுக்கிப் போகிற மாதிரி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். "இங்க பாருங்க, திருப்பத்துல அடிக்கல்லக் கூட ஓட்டம் பார்த்துச் சாய்ச்சு வச்சிருக்கான்" என்று அவர் எனக்குக் காட்டினார். அவர் சொல்லாவிட்டால் நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். கேமரா காட்டுவதைப் படிக்க ஒரு பழைய கை பக்கத்தில் வேண்டும். இதையும் பெட்டியோடு வரும் பொருள்களில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

11-ஆவது மீட்டரில் பூவரச வேர். கல் இடுக்கு வழியாக நுழைந்து, திரைச்சீலை மாதிரி மேலிருந்து கீழ் வரை தொங்கியது. தலையை ஓரமாகத் தள்ளியதில் தாண்டிப் போக முடிந்தது. 16-ஆவது மீட்டரில் மணல் மேடு, அதை ஒட்டிச் சிமெண்ட் சுவர். அங்கேதான் உண்மையான நோய் இருந்தது. தெருவில் பிற்பாடு கட்டிய மழைநீர் வாய்க்காலின் அடித்தளம், வீட்டு வடிகாலின் வாயைவிட ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு உயர்த்திக்கொண்டே போகும் ஊர்களில் எல்லாம் இதே கதைதான். வீட்டுத் தண்ணீர் தெருவுக்குப் போவதற்குப் பதிலாக, தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது.

பி.வி.சி. குழாய் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் அந்தச் சிமெண்ட் சுவரில் போய்த்தான் முட்டியிருக்கும். தளமும் போய், பணமும் போய், அடுத்த ஐப்பசியில் தண்ணீர் மட்டும் அதே இடத்தில் நின்றிருக்கும். பதிவான படத்தை அன்றைக்கே துபாய்க்கு அனுப்பினோம். மகன் வெட்டும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கம்பியில் கட்டிய வெட்டுக்கத்தியால் வேரை அறுத்து, அழுத்தத் தண்ணீர் அடித்து மணலைக் கழுவினோம். வாசலில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, தெருத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் ஒரு பம்பும் வைத்தோம். செலவு, முதலில் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. தெரு வாய்க்காலைத் தாழ்த்திக் கட்ட வேண்டும் என்று தெருக்காரர்கள் எழுதிய மனுவோடு படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வேலை இன்னும் நடக்கவில்லை. ஆனால் வாய்க்காலில் கோளாறே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பழைய கட்டுமானத்தை உடைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அந்தப் பவளக் கல் இனிமேல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலேயே தேசியப் பூங்காவாகிவிட்டன. பவளப்பாறைகள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஒரு கல்லைக் கடலிலிருந்து எடுத்தாலும் குற்றம். அதனால் இருக்கிற வடிகாலைப் போற்றி வைத்துக்கொள்வதுதான் வழி. பழுது என்றால் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புக் கட்டு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும், உப்பு உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். சுண்ணாம்போடு செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைப்பது எங்கள் கொத்தனாரின் கைப்பழக்கம். கருப்பட்டிக்கு ராமநாதபுரத்தில் பஞ்சமா என்ன? வைகைக் கரையில் கீழடியில் ஒன்றோடு ஒன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்தன. அந்த ஆறு கடலைச் சேர்வது நம் அழகன்குளத்துப் பக்கம். தண்ணீரை அடியில் நடத்துவது இந்த மண்ணுக்கு நேற்று வந்த வித்தை அல்ல.

இப்போது நான் முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் மழைநீர் வடிகால் என்று தனியாக ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது. வீட்டுக் கழிவும் அதில்தான் கலக்கிறது. மூடிக் கிடக்கும் வடிகாலில் சேறு அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்" என்று நினைக்கிற அந்த நேரம்தான் சாவு. ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். செய்தித்தாளில் இதைப் படிக்காத வருடம் உண்டா? கையால் மலம் அள்ளும் வேலையையும், பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் கொடுத்து ஈடுகட்டுகிற விஷயமா அது? "அடைப்பு எங்கனு உள்ள போய்ப் பார்த்துட்டு வா" என்று ஒரு பையனை அனுப்புவதைத்தான் நான் இந்த வேலையில் அதிகம் பார்த்திருக்கிறேன். வெறும் பார்வைக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது அது. இந்தக் கேமரா அந்தப் பார்வையைத் தந்துவிடுகிறது. அடைப்பை எடுப்பதற்கு அழுத்தத் தண்ணீர் லாரியும் உறிஞ்சும் லாரியும் இருக்கின்றன, எங்கே அடிக்க வேண்டும் என்று படம் சொல்லிவிடும். கூடவே நாலு வாயுக்களையும் அளக்கும் கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் அது காட்டும். மூடியைத் திறந்து மேலே குனிந்து நிற்கும்போது கூட அது இடுப்பில் இருக்க வேண்டும்.

சரி, நம் கடற்கரைக்கென்று உள்ள தொல்லைகள். முதலாவது மணல். மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் வரிசையில், கச்சான் காற்றுக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், கடல் கொந்தளித்து மணலைக் கரையில் ஏற்றும். வடிகால் கடலில் விழும் வாய் அந்த மாதங்களில் மூடிக்கொள்ளும். அது முடிந்த கையோடு மழை தொடங்கிவிடும். ஆகவே புரட்டாசியிலேயே வாயைத் திறந்து வைக்க வேண்டும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் பாக் நீரிணையில் கதை வேறு. அங்கே வாடைக் காற்றுதான் கடலைத் தள்ளும், மழையும் அதே நேரத்தில்தான். தண்ணீர் வெளியேற வேண்டிய சமயத்தில் கடல் உள்ளே ஏறிவரும். நம் பக்கம் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் உயரம், ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை, ஆனால் நிலம் அவ்வளவு தட்டை என்பதால் அந்தக் கொஞ்சமே பெரிய வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்து, வாயிலிருந்து மேல் நோக்கிக் கேமராவை விடுங்கள். படம் தெளிவாக இருக்கும். தோக்கியோவுக்கு வடக்கே தாழ்ந்த நிலத்து வெள்ளத்தை வாங்க, 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, பெரிய பம்புகளால் ஆற்றுக்கு ஏற்றுகிறார்கள். 2006-இல் முடிந்த வேலை அது. நமக்கு அதெல்லாம் தேவையில்லை, இருக்கிற வாய்களைக் காலத்தில் திறந்தாலே பாதி ஊர் தப்பிக்கும்.

மணலுக்குள் தலை புதைந்தால் லென்ஸ் குருடாகிவிடும். வட்டக் குழாய்க்கான தாங்கு வளையங்கள் பெட்டியோடு வந்தன, ஆனால் நம் சதுர வடிகால்களில் அவற்றால் பயனில்லை. மீனவர்கள் வலையில் கட்டும் மிதப்பு இரண்டைத் தலையின் இருபுறமும் கட்டினேன். வடிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் தலை மிதந்துகொண்டே போகிறது, படமும் மேலிருந்து அழகாகக் கிடைக்கிறது.

இரண்டாவது உப்பு. துருப்பிடிக்காத எஃகு என்று அட்டையில் போட்டிருந்தாலும், லென்ஸ் வளையத்துத் திருகுகள் சீக்கிரமே பழுப்பேறின. விற்றவரிடம் கேட்டதற்கு, உப்புத் தண்ணீரில் விட்டால் உத்தரவாதம் செல்லாது என்றார். கடற்கரையில் விற்கும் பொருளுக்கு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? நீங்கள் வாங்கும்போது இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், உபரித் தலை தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவி வைப்பதால் என்னுடையது ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்ற குறைகள் பொதுவானவை. கம்பி ஈரமானால் மீட்டர் எண்ணி வழுக்கிக் குறைவாகக் காட்டும், அதனால் மீட்டருக்கு ஒரு கலர் டேப் ஒட்டிவிட்டேன். தலை உருண்டால் படமும் உருளும், தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுவே தரை என்று புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது, குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கூரான இரண்டு திருப்பங்களுக்கு மேல் கம்பி போகாது. பேட்டரி ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம்.

கேமரா வந்ததிலிருந்து என்னிடம் கேட்காத ஆள் இல்லை: "அரண்மனைச் சுரங்கத்துல விட்டுப் பார்ப்போமா?" ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் கிழவன் சேதுபதி கட்டியது, இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே நாமாகப் போய்க் கம்பி விடக் கூடாது. சுரங்கம் இருப்பதாக ஊரில் சொல்லும் மற்ற இடங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கரையோர மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். மைல் கணக்கில் ஆள் நடக்கிற சுரங்கத்தை அதில் காயவைத்து வைத்திருப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய 'சுரங்கங்கள்' எல்லாம் திரையில் பார்த்தால் வடிகால்கள்தான். அதில் எனக்கு ஏமாற்றமே இல்லை. தப்பித்து ஓட ஒரு வழியைவிட, ஒரு தெருவின் மழையைத் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குக் கொண்டுபோன வழி எனக்குப் பெரிதாகப்படுகிறது.

ஒரு கண்மாயின் மடையிலும் விட்டுப் பார்த்தோம். கரைக்கு அடியில் ஓடும் குமிழித்தூம்பு. மேல் துளையில் தண்ணீரும், அடியில் இருக்கும் சேறோடித் துளையில் வண்டலும் தனித்தனியாக இறங்கும்படி செய்த கல் வேலை. சேறோடித் துளை அடைபட்டிருந்தது, தூம்பு நல்ல நிலையில் இருந்தது. கரையை வெட்ட வேண்டியிருக்குமோ என்று பயந்திருந்த விவசாயிகள் நிம்மதியாகப் போனார்கள்.

தனி வீட்டுக்காரர் வாங்க வேண்டியதில்லை. நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம், ஜமாத்தோ ஊர்ச் சங்கமோ வாங்கி வைக்கலாம். 512 ஹெர்ட்ஸ் பிடிக்கும் கருவியை இங்குள்ள குழாய் வேலைக்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், வந்ததும் அதைப் பற்றியும் எழுதுகிறேன். அதுவரை கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் யாருக்காவது கேமரா வேண்டுமென்றால் நான் கொண்டு வருகிறேன், வாடகை வேண்டாம். வடிகாலுக்குள் ஆளை இறக்க மாட்டோம் என்று எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.